தகட்டு வெப்பக் கணக்கு: கணினி நின்றால் விடை வந்ததாக அர்த்தமில்லை

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் பொறியியல் பிள்ளைகளுக்கு இருபரிமாண வெப்பக்கடத்தல் கணக்கைக் கணினியில் போடச் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒரு தம்பி லேப்டாப்பைத் திருப்பி, "கன்வெர்ஜ் ஆயிருச்சுண்ணே" என்றான். விடை நிலைத்துவிட்டது என்று அர்த்தம். பார்த்ததும் வயிறெரிந்தது. நான் செய்த அதே தவறு. மில்லிமீட்டரை மீட்டராக்க மறப்பதையெல்லாம் நீங்களே பிடித்துவிடுவீர்கள், அதை விடுகிறேன். கண்ணில் படாமல் போகும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மாற்றம் சிறிதானால் பிழையும் சிறிது என்று நம்புவது

சதுரத் தகடு. மேல் விளிம்பு 100 டிகிரி, மற்ற மூன்றும் 0. பக்கத்துக்கு 100 பிரிவு. உள்ளே எல்லாம் 0 என்று தொடங்கி, சுற்றியுள்ள நாலு புள்ளிகளின் சராசரியைப் போட்டுக்கொண்டே போகும் காஸ்-சீடல் முறை. ஒரு சுற்றில் எந்தப் புள்ளியும் 0.01 டிகிரிக்கு மேல் மாறவில்லை என்றதும் நிறுத்திவிட்டான். நடுப்புள்ளியில் 15 சொச்சம்.

வரவேண்டியது 25. இதற்குக் கணினியே வேண்டாம்: நாலு விளிம்பும் 100 என்றால் நடுவிலும் 100, ஒரு விளிம்பின் பங்கு அதில் கால்.

இவ்வளவு பொடிக் கட்டத்தில், மிச்சப் பிழை சுற்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். மாற்றம் 0.01 என்றால் இன்னும் 10 டிகிரி பாக்கி. பிரிவை இரட்டிப்பாக்கினால் நிலைமை நாலு மடங்கு மோசம். துல்லியம் வேண்டும் என்று கட்டத்தைப் பொடியாக்கி, நிறுத்தும் வரம்பை மட்டும் தொடாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கப்பலூர் பக்கம் ஒரு ரப்பர் பட்டறைக்கு இப்படித்தான் அச்சுத் தகட்டின் கணக்கைப் போட்டுக்கொடுத்தேன். அறை வெப்பநிலையில் தொடங்கிப் பாதி வழியில் நின்ற விடை அது. நடுவில் சூடு போதாது என்று சொல்லி, துளை போட்டு இன்னொரு ஹீட்டர் வைக்கச் சொன்னேன். முதல் நாளே நடுவில் ரப்பர் கருகியது. துளை போட்ட தகட்டை என்ன செய்வது? புதிதாகத்தான் வாங்கினார்கள்.

வரம்பை 0.00001 ஆக்குங்கள். அப்புறம், உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமா என்று கூட்டிப் பாருங்கள். நேரம் பிடிக்கிறது என்றால் எஸ்.ஓ.ஆர். முறை இருக்கிறது: ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பெருக்கியால் பெரிதாக்கிப் போடுவது. 1950-லேயே கணிதர் டேவிட் யங் தன் ஆய்வேட்டில் வழி காட்டிவிட்டார். இந்தத் தகட்டுக்குப் பெருக்கி 1.94 வைத்தால் சில நூறு சுற்றில் முடிந்துவிடும்.

வெப்பம் போகாத விளிம்பில் பக்கத்துப் புள்ளியின் மதிப்பை அப்படியே ஒட்டுவது

துல்லியம் ஒரு படி இறங்கிவிடும். வெளியே கண்ணாடிப் பிம்பமாக ஒரு புள்ளி இருப்பதாகக் கொண்டு, சராசரியில் உள்பக்கப் புள்ளியை இரண்டு முறை கூட்டுங்கள்.

இரண்டு உலோகம் சேரும் இடத்தில் சாதாரண சராசரி

இரண்டின் வெப்பக்கடத்துதிறனுக்கு இசைச் சராசரி (தலைகீழ்களின் சராசரியைத் தலைகீழாக்கியது) போடுங்கள்.

கதிர்வீச்சுக்குச் செல்சியஸ்

கெல்வின் மட்டும்.