ஓடர் பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளமும் கொமிஷனும்: சின்ன சேவைத் தொழிலுக்கு ஒரு செய்முறை

கொழும்பு வெள்ளவத்தையில் ஏசி சேவிஸ் செய்யும் சின்னக் கடை எங்களுடையது. மூன்று டெக்னீஷியன்கள், ஒரு வான், கணக்குப் பார்க்க ஒரு தங்கச்சி, வெளியே போய் ஓடர் பிடிக்க இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு கொடுப்பது, எதை வைத்துக் கொடுப்பது என்று தீர்மானிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

முதலில் வேலைக்கு வைத்தவரிடம் "பில் தொகையில் 10 சதவீதம்" என்று வாயால் சொன்னதோடு சரி. அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் வருட ஒப்பந்தம் பிடித்தார். பில் போட்ட மாதமே கொமிஷனைக் கொடுத்தேன். அந்த அலுவலகமோ ஆறு மாதமாகக் காசு தரவில்லை. கையில் பணம் முட்டுப்பட்டபோது கொடுத்த கொமிஷனை அவருடைய சம்பளத்தில் கழிக்கப் பார்த்தேன். அடுத்த மாதமே அவர் விலகிவிட்டார். அவரில் ஒரு பிழையும் இல்லை. காசு வராவிட்டால் என்ன செய்வது என்று நான் முன்னரே சொல்லியிருக்கவில்லை.

இப்போது எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். மாதக் கடைசியில் அந்தப் பிள்ளை வீட்டில் இருந்து போன் கல்குலேட்டரில் தன் சம்பளத்தைப் போட்டுப் பார்த்தால் வரும் தொகையும், நான் கொடுக்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். துப்புரவு வேலை, பூச்சி மருந்து அடிப்பது, சிசிடிவி பூட்டுவது என்று எந்தச் சேவைக்கும் இவை பொருந்தும்.

படி 1: ஓடர் எந்த வழியாக வருகிறது என்று பிரியுங்கள்

எங்களுக்கு மூன்று வழி. விற்பனையாளர் தானே கதவு தட்டிப் பிடிப்பது ஒன்று. கடைக்குப் போன் பண்ணித் தானாக வருவது இன்னொன்று. மூன்றாவது, வேலைக்குப் போன டெக்னீஷியனிடம் வீட்டு அன்ரி, "தம்பி, மேல் வீட்டுக்காரருக்கும் ஒருக்கா வந்து பார்த்துவிடுங்கோ" என்று சொல்லி வருவது.

மூன்றுக்கும் ஒரே வீதம் வைத்தால் சிக்கல். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொழும்பு வெயிலில் போன் அடித்தபடியே இருக்கும். அந்தக் காலத்தில் போனை எடுத்தவருக்கு முழுக் கொமிஷன் என்றால் யாரும் வெளியே இறங்கமாட்டார்கள். தானாக வரும் ஓடரைக் கவனித்து முடித்துக் கொடுப்பவருக்குச் சின்ன வீதம், டெக்னீஷியனுக்கு ஓடர் ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. நான் 1,000 ரூபா கொடுக்கிறேன்.

படி 2: ஒரு வேலையில் உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு முழு மாலையை ஒதுக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஓர் அலுவலகத்தில் 10 ஏசி, வருடத்துக்கு நான்கு முறை சேவிஸ், ஒரு ஏசிக்கு ஒரு முறைக்கு 3,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 140,000 ரூபா. டெக்னீஷியன் கூலி, வான் ஓட்டம், பொருட்கள் என்று ஒரு முறைக்கு ஒரு ஏசிக்கு 2,100 ரூபா போனால் செலவு 84,000. மிச்சம் 56,000.

பில் தொகையில் 10 சதவீதம் என்றால் கொமிஷன் 14,000 ரூபா. பார்க்கச் சரிபோலத்தான் இருக்கும். இப்போது வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். விற்பனையாளர் 15 சதவீதம் கழித்து 119,000 ரூபாவுக்கு முடிக்கிறார். அவருடைய கொமிஷன் 11,900. அவருக்கு இழப்பு 2,100 ரூபா மட்டும். வேலைச் செலவு அதே 84,000 ஆகையால் உங்கள் மிச்சம் 56,000இலிருந்து 35,000க்கு இறங்கிவிட்டது. கழிவு கொடுத்து ஓடரை முடிப்பதுதான் அவருக்கு வசதி. அந்த வசதியைச் செய்து கொடுத்தது நீங்கள்.

அதையே மிச்சத்தில் 20 சதவீதம் என்று மாற்றுங்கள். முழு விலைக்கு விற்றால் அவருக்கு 11,200. 15 சதவீதம் கழித்தால் 7,000. இனி ஒவ்வொரு ஆயிரம் ரூபாக் கழிவும் அவருக்கும் உறைக்கும். எங்கள் கடையில் 5 சதவீதம் வரை அவரே குறைக்கலாம். அதற்கு மேல் என்றால் எனக்கு ஒரு போன்.

உங்கள் செலவுக் கணக்கு முழுவதையும் காட்டத் தயக்கமாக இருந்தால் சேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான அடக்கவிலை எழுதிக் கொடுங்கள். விற்ற விலையில் அதைக் கழித்தால் மிச்சம். வற் (பெறுமதி சேர்) வரிக்குப் பதிந்த தொழில் என்றால் அந்த 18 சதவீதத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அது அரசாங்கத்தின் காசு, கொமிஷன் கணக்கில் வரக்கூடாது.

படி 3: அடிப்படைச் சம்பளம்

கொமிஷன் மட்டும் என்று ஆள் எடுக்காதீர்கள். அப்படி வருபவருக்கு மாதம் பிறந்தால் அறை வாடகை கட்ட வேண்டும். அந்த நெருக்கடியில் வாடிக்கையாளரிடம் செய்ய முடியாததையெல்லாம் செய்து தருவதாக வாக்குக் கொடுப்பார். அதைச் சுமப்பது உங்கள் டெக்னீஷியன்.

தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. கொமிஷனையும் கூட்டி அந்தத் தொகையை எட்டிப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். அடிப்படையே அதற்கு மேல் இருக்கட்டும். கொமிஷன் ஒரு சதமும் வராத மாதத்தில் அந்தப் பிள்ளை கொழும்பில் சீவிக்க முடியுமா? அதுதான் கேள்வி. கீழே உதாரணத்துக்கு 45,000 ரூபா என்று எடுக்கிறேன்.

பயணச் செலவையும் போன் செலவையும் சம்பளத்தோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். இராஜகிரியவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஒரே நாளில் ஓடுபவர் ஓட்டோக் காசைத் தன் சம்பளத்தில் இருந்து போடக்கூடாது.

படி 4: வீதம் கட்டுப்படியாகுமா என்று சரிபாருங்கள்

அடிப்படை 45,000. அதற்கு முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம். ஆகவே 51,750. பயணமும் போனும் 12,000 என்றால், ஒரு ஓடரும் வராவிட்டாலும் மாதம் 63,750 ரூபா போகும்.

மிச்சத்தில் 20 சதவீதம் கொமிஷன் என்றால் அதன் மேலும் இந்த 15 சதவீதம் வரும். அதாவது மிச்சத்தில் 23 சதவீதம் அவருக்காகப் போகிறது, 77 சதவீதம் கடைக்கு. 63,750ஐ 0.77ஆல் பிரித்தால் ஏறத்தாழ 83,000. மாதம் 83,000 ரூபா மிச்சம் கொண்டுவந்தால் அவர் தன் செலவைத் தானே தூக்குகிறார். 125,000 கொண்டுவந்தால் அவருக்குக் கொமிஷன் 25,000, கடைக்கு 32,500 நிற்கும். கடை வாடகையும் உங்கள் சம்பளமும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

125,000 என்பது மேலே சொன்ன மாதிரி ஒப்பந்தம் இரண்டேகால். உங்கள் இடத்தில் ஒருவரால் மாதம் அவ்வளவு பிடிக்க முடியுமா? கடந்த வருட பில்களை எடுத்துப் பாருங்கள். முடியாது என்றால் வீதத்தில் கைவைக்க முன்னர் உங்கள் விலையைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

புதியவருக்கு முதல் மூன்று மாதமும் மாதத்துக்கு 15,000 ரூபாக் கொமிஷன் உறுதி என்று கொடுங்கள். அதற்கு மேல் உழைத்தால் உழைத்தது கிடைக்கும், குறைந்தால் திருப்பிக் கேட்பதில்லை. ஆள் பழகி, வாடிக்கையாளர் பிடிபட அவ்வளவு காலம் வேண்டும். சித்திரைப் புத்தாண்டு ஏப்ரலில் அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் நாட்களையும் மறக்க வேண்டாம்.

படி 5: காசு வந்த பிறகு

கொமிஷன் பில்லுக்கு இல்லை, கைக்கு வந்த காசுக்கு. காசோலை என்றால் அது வங்கியில் மாறிய பிறகு. பின்திகதியிட்ட காசோலை வாங்குவது நம்மிடையே சாதாரணம் என்பதால் இதைத் தெளிவாக எழுத வேண்டும். வருட ஒப்பந்தத்துக்கு நான்கு தவணையில் காசு வந்தால் கொமிஷனும் நான்கு தவணை. 11,200 என்பது தவணைக்கு 2,800 ஆகும்.

இதில் உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. வேலை முடிந்த இரண்டு நாளுக்குள் பில் போக வேண்டும். நீங்கள் பில்லை மேசையில் வைத்துக்கொண்டிருந்தால் பிந்துவது அவருடைய காசு. யார் இன்னும் தரவில்லை என்ற பட்டியலை வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நினைவூட்டுவதற்கு அவரும் ஒரு போன் போடுவார்.

படி 6: கொமிஷனுக்கும் ஈபிஎஃப் உண்டு

பலர் தவறுவது இங்கே. சேமலாப நிதிக்குக் கணக்கெடுக்கும் வருமானத்தில் கொமிஷனும் அடங்கும். ஊழியரிடம் 8, நீங்கள் 12, அப்புறம் நம்பிக்கை நிதிக்கு 3. அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். கொமிஷனை உறையில் போட்டுக் கணக்கில் காட்டாமல் கொடுப்பது அந்தப் பிள்ளையின் பிற்காலக் காசில் கைவைப்பது. 8 சதவீதம் கழியும் என்பதை வேலைக்கு எடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். சம்பளமும் கொமிஷனும் சேர்ந்து மாதம் 150,000 ரூபாவைத் தாண்டினால் வருமான வரியும் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு மாதம் வந்தால் கணக்காளரைக் கேளுங்கள்.

படி 7: சண்டை வரும் இடங்களை முதலே எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். அவர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும்; எங்கள் கடையில் ஒருவருக்குத் தமிழில், மற்றவருக்குச் சிங்களத்தில். ஒரே வாடிக்கையாளரிடம் இருவரும் போனால்? முதலில் எழுத்தில் விலை கொடுத்தவருக்கு, ஆனால் அது 60 நாளுக்கு மட்டும். ஒப்பந்தம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்பட்டால்? 20க்குப் பதிலாக 8 சதவீதம், அவர் இடையில் போய் வாடிக்கையாளரைப் பார்த்துவந்தால் மட்டும். வேலை சரியில்லை என்று திருப்பிச் செய்ய நேர்ந்தால் அந்தச் செலவு கடையுடையது. பிழை டெக்னீஷியனில் இருக்க, விற்றவரின் காசைக் குறைப்பது நியாயமில்லை.

அவர் வேலையை விட்டுப் போனால்? அவர் முடித்த ஓடருக்கு 90 நாளுக்குள் வரும் காசுக்குக் கொமிஷன் கொடுத்தே தீர வேண்டும். இதை நான் என் முதல் ஆளுக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் அந்த அலுவலகம் கடைசியில் காசைத் தந்தபோது, அவரைத் தேடிப்பிடித்து மீதியைக் கொடுத்தேன்.

படி 8: பழைய பில்லில் ஓட்டிப் பாருங்கள்

கையெழுத்து வைக்க முன்னர் கடந்த மூன்று மாத பில்களை எடுத்து, புதுக் கணக்கில் எவ்வளவு வந்திருக்கும் என்று அவரையே போடச் சொல்லுங்கள். நீங்கள் தனியாகப் போடுங்கள். இரண்டு தொகையும் ஒத்துவராவிட்டால் எழுதிய தாளில் எங்கோ தெளிவில்லை. எங்களுக்கு முதல் தடவை 4,300 ரூபா வித்தியாசம் வந்தது. சீலிங் ஏசி மாற்றும் வேலையின் அடக்கவிலையை நான் எழுத மறந்திருந்தேன்.

சம்பளத்தை 10ஆம் திகதிக்குள் கொடுங்கள். எந்த ஓடர், எப்போது வந்த காசு, மிச்சம் எவ்வளவு, கொமிஷன் எவ்வளவு என்று வரிவரியாகச் சீட்டும் சேர்த்து. ஒரு மாதம் அவர் உங்களைவிடக் கூடுதலாக உழைத்துவிட்டால் கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. முழுத் தொகையையும் கொடுங்கள். வீதத்தை மாற்றுவதென்றால் ஒரு மாதம் முன்னரே எழுத்தில் சொல்லி, அதற்குப் பிறகு வரும் புது ஓடர்களுக்கு மட்டும் மாற்றுங்கள்.