வெயில் காலத்துக்கு லைட் ப்ளூவா, பிரைட் கிரிஸ்டலா? மணிக்கட்டில் சோதித்து முடிவெடுக்கும் முறை

சென்ற ஆண்டு குளிரூட்டப்பட்ட கடை ஒன்றில், பர்ஃப்யூம் தெளித்து நீட்டிய அட்டைச் சீட்டை இரண்டு முறை முகர்ந்துவிட்டு நான் வாங்கி வந்த பர்ஃப்யூம், மே மாத மதியப் பேருந்தில் வெல்லப்பாகு போலத் திகட்டி, பக்கத்து இருக்கைப் பெண்மணியை ஜன்னல் பக்கம் திரும்ப வைத்தது. எனவே இம்முறை, பழமும் பூவும் கலந்த இலேசான இரண்டை, அதாவது டோல்சே அண்ட் கபானாவின் லைட் ப்ளூவையும் (2001) வெர்சாச்சேயின் பிரைட் கிரிஸ்டலையும் (2006), வெயிலிலேயே சோதித்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

முதலில், இரண்டிலும் ஓ டி டாய்லெட் எனப்படும், அடர்த்தி குறைந்த வகையையே கேட்டு வாங்கிச் சோதியுங்கள். பிறகு, வாசனை லோஷன் எதுவும் பூசாத மணிக்கட்டுகளில், இடக்கையில் ஒன்றும் வலக்கையில் மற்றொன்றுமாக ஒரே ஒரு முறை அடித்துக்கொள்ளுங்கள், தேய்க்க வேண்டாம். அட்டைச் சீட்டு, பிடிக்காததை ஒதுக்குவதற்கு மட்டுமே உதவும் என்பது என் கருத்து.

அடுத்தது காத்திருப்பது, நான் சறுக்கியது இங்கேதான். எலுமிச்சை வகை மணங்கள் விரைவில் ஆவியாகிவிடுபவை. உடற்சூடு ஏற ஏற இன்னும் வேகமாகப் பறந்துவிடும். கடையில் நம்மை மயக்குவது அந்த முதல் கால் மணி நேரம்தான், ஆனால் நாள் முழுவதும் நம்மோடு இருப்பது அதற்குப் பின் எஞ்சுவது. லைட் ப்ளூ முதலில் எலுமிச்சையும், தோலோடு கடித்த பச்சை ஆப்பிளுமாக எழுந்தது. ஒரு மணி நேரத்தில் அதிலுள்ள தேவதாரு தலைகாட்டி, அப்போதுதான் சீவிய பென்சிலைப் போல உலர்ந்த மணமாயிற்று. பிரைட் கிரிஸ்டலில் யூசு என்னும் ஜப்பானிய எலுமிச்சை வகையும் மாதுளையும் சீக்கிரமே விலகி, பியோனி, மக்னோலியா, தாமரை எனப் பூக்கள் நின்றன. நான்கு மணி நேரத்துக்குப் பின் எஞ்சியது, துவைத்து மடித்த துண்டின் மணம் போன்ற மெல்லிய கஸ்தூரி.

இடையில் அரை மணி நேரமாவது வெயிலில் நடந்துவிட்டு வாருங்கள். மூக்கு சலித்துவிட்டால் கடைக்காரர் நீட்டும் காப்பிக்கொட்டை எனக்குப் பயன்பட்டதில்லை; வெளிக்காற்றே போதும்.

பகல் முழுவதும் அலைபவர்களுக்கு லைட் ப்ளூவையே சொல்வேன். தலையில் மல்லிகை வைக்கும் வழக்கமிருந்தாலும் அதுவே பொருந்தும். பிரைட் கிரிஸ்டலின் பூக்கள் மல்லிகையோடு மல்லுக்கு நிற்கின்றன. மாலை விருந்துக்கும் குளிர் அறை அலுவலகத்துக்கும் பிரைட் கிரிஸ்டல் நன்று.

பின்சேர்க்கை: லைட் ப்ளூ தமக்கு அடர்த்தியாக இருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார், விசாரித்ததில், அவர் வாங்கியது லைட் ப்ளூவின் ஓ இன்டென்ஸ் என்ற வேறு வகை. பிரைட் கிரிஸ்டலிலும் இப்படி அப்சொலூ என்று ஒன்று உண்டு. இவை இரண்டும் ஓ டி பர்ஃப்யூம் எனப்படும், அடர்த்தி கூடிய வகை என்பதால், பெட்டியில் உள்ள பெயரை முழுவதும் படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொருவர் புட்டியை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். வெப்பம் மணத்தைக் கெடுத்துவிடும், ஆகவே பீரோவுக்குள் வையுங்கள்.