நாற்சார் வீட்டில் ஓவியக் கண்காட்சி: எல்லோரும் உள்ளே வர

நடுவில் முற்றமும் சுற்றிவர விறாந்தையும் உள்ள யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் கண்காட்சி வைப்பதென்றால், முதலில் விறாந்தையின் உயரத்தை அளவிடுங்கள். சரிவுப்பாதைக்கு ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும்; 45 சென்ரிமீற்றர் விறாந்தைக்கு 5.4 மீற்றர் சரிவுப்பாதை தேவை. முற்றம் போதாதென்று நீளத்தைக் குறைத்தால் சக்கர நாற்காலி பின்பக்கம் சாயும், செயற்கைக் கால் அணிந்தவர் இறங்கும்போது தடுமாறுவார். போர் இத்தனை பேரின் கால்களைப் பறித்த ஊரில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. அகலம் 1.2 மீற்றர், இருபக்கமும் கைபிடி. சீமெந்தை மினுக்க வேண்டாம், மாரியில் வழுக்கும். ஈரம் காயுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள். வாசல் 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கதவைக் கழற்றிவிடலாம்.

படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.4 மீற்றரில் இருக்கட்டும். குறிப்புகளை மினுங்காத தாளில், 18 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அச்சிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் முற்றத்து வெயில் பட்டால் படமே தெரியாது; அந்தச் சுவரைத் தவிருங்கள்.

பார்வையற்றோருக்குத் தொட்டுப் பார்க்கும் பிரதி செய்யும்போது முக்கியக் கோடுகளை மட்டும் 2 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். எல்லா விவரத்தையும் சேர்த்தால் விரலுக்கு உருவம் பிடிபடாது. ஒலிக்குறிப்பில் அளவு, உருவங்கள் நிற்கும் இடம், நிறம் என்ற வரிசையில் சொல்லி, விளக்கத்தைக் கடைசியில் வையுங்கள்.

வருகைப் பதிவேட்டில் 'ஊர்' என்ற நிரலை எடுத்துவிடுங்கள். இங்கே அது சாதி விசாரிப்பதாகவே பலருக்குப் படும். பறை, பாய், கடகம் (பனையோலைக் கூடை) போன்ற கைவினைப் பொருள்களையும் காட்சிக்கு வைத்தால், செய்தவரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் ஓவியர் பெயர் போடும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.