வீட்டு விசேஷத்தில் மிமிக்ரி: முதல்முறை செய்பவர்களுக்குச் சில எளிய குரல்கள்

பிறந்தநாள் விழா, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, ஆபீஸ் ஆண்டு விழா, ஹாஸ்டல் மொட்டை மாடி. எங்கே நாலு பேர் கூடினாலும் "யாராவது ஏதாவது பண்ணுங்களேன்" என்று ஒரு குரல் எழும். பாடத் தெரிந்தவர் பாடிவிடுவார். மற்றவர்களுக்கு மிமிக்ரிதான் வசதி. கருவி வேண்டாம், மைக் வேண்டாம், அரை நிமிடம் போதும்.

"எனக்கு அந்தக் குரலே வராதே" என்று பின்வாங்குபவர்கள்தான் அதிகம். குரல் அச்சு அசலாக வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஒருவர் எவ்வளவு வேகமாகப் பேசுகிறார், எங்கே நிறுத்துகிறார், கையை என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் கூட்டம் ஆளைக் கண்டுபிடிக்கிறது. அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்து, கொஞ்சம் கூட்டிச் செய்தால் போதும். மேடைக் கலைஞர்கள் அப்படியே உரித்து வைப்பார்கள். வீட்டுக் கூடத்தில் அந்த அளவுக்குத் தேவையில்லை.

படி 1: யாரைச் செய்வது?

முதலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். தாத்தா பாட்டிகள் நிறைய இருந்தால் நம்பியாரும் எம்.ஆர்.ராதாவும் எடுபடுவார்கள். சுட்டி டிவி பார்த்து வளர்ந்த கூட்டம் என்றால் டோரா. குட்டிப் பிள்ளைகளுக்கு டொனால்ட் டக். ரஜினி எல்லாருக்கும் பொது.

சிவாஜியை ஆரம்பத்திலேயே தொடாதீர்கள். அந்த மூச்சு நமக்கு இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டுவதுதான் மிச்சம். வடிவேலுவும் அப்படித்தான், ஊரே அவரைச் செய்கிறது, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் சிலருக்குத்தான் பிடிபடுகிறது.

இன்னொன்று. நோயாலோ காயத்தாலோ மாறிய குரலைக் கிண்டலாக்க வேண்டாம். 1967 ஜனவரியில் குண்டு பாய்ந்த பிறகு எம்.ஜி.ஆரின் பேச்சு மாறியது. பலர் அந்தக் குழறலை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைச் செய்வார்கள். கடைசி வருடங்களில் உடம்பு முடியாமல் இருந்த விஜயகாந்தையும் அப்படிச் செய்வதுண்டு. சிரிப்பு வந்தாலும் கூட்டத்தில் யாரோ ஒருவர் முகம் சுருங்கிவிடும். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேறு எத்தனையோ இருக்கிறது: எம்.ஜி.ஆரின் துள்ளல் நடை, விஜயகாந்தின் சிவந்த கண்.

படி 2: கேட்பது தனி, பார்ப்பது தனி

அவர் பேசும் ஒரு நிமிடக் காட்சியை யூடியூபில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெறும் காதால் கேளுங்கள். குரல் மூக்கிலிருந்து வருகிறதா, அடித்தொண்டையிலிருந்தா? வாக்கியத்தின் கடைசி வார்த்தை மேலே ஏறுகிறதா, விழுங்கப்படுகிறதா? அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு வெறும் படமாகப் பாருங்கள். கழுத்து, புருவம், விரல். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கதைக்குள் போய்விடுவோம், எதுவும் மனதில் நிற்காது.

பிறகு கண்ணாடி முன்னால் நின்று முகத்தை முதலில் மாற்றுங்கள். உதட்டைக் குவித்தாலோ தாடையை இறுக்கினாலோ குரல் பாதி தானாகவே மாறிவிடும். பத்து நொடி பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். நம் குரலை நாமே கேட்பது யாருக்கும் பிடிக்காது, பரவாயில்லை. தொண்டை வலித்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு வெந்நீர் குடியுங்கள்.

படி 3: குரல்கள்

நம்பியார். இருப்பதிலேயே சுலபம். இரண்டு உள்ளங்கையையும் மெதுவாகத் தேயுங்கள். தலையை லேசாகச் சாய்த்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்குங்கள். பல்லைக் கடித்தபடியே, வாயை அதிகம் திறக்காமல், ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசுங்கள். கை தேய்க்க ஆரம்பித்ததுமே பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். நிஜத்தில் அந்த மனிதர் சுத்த சைவம், வருடா வருடம் சபரிமலைக்குப் போன குருசாமி. பந்தியில் உட்கார்ந்து இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாயசம்... தீர்ந்துவிட்டதா? ம்ம்ம்... அந்த அண்டாவைத் திற!"

எம்.ஆர்.ராதா. இவருக்குள் இரண்டு குரல் உண்டு. ஒன்று அடித்தொண்டையிலிருந்து வரும் கரகரப்பு. இன்னொன்று மூக்கு வழியாகக் கீச்சென்று வரும் நக்கல். ஒரே வாக்கியத்தின் நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் ராதா. முதலில் இரண்டு குரலையும் தனித்தனியாகப் பழகுங்கள், பிறகு தாவுங்கள். "என்னது, ஓடிபி வந்திருக்கா?" என்பதைக் கரகரப்பாக இழுங்கள். "வந்திருக்காம்!" கீச்சுக் குரலில். மறுபடியும் கீழே இறங்கி, "பணம் வரலை, ஓடிபி மட்டும் வந்திருக்கு!" தாவும் இடத்தில் தயங்கினால் விஷயம் செத்துவிடும், அங்கே மட்டும் துணிந்து செய்யுங்கள்.

ரஜினி. இங்கே குரலை மறந்துவிடுங்கள், வேகம்தான் எல்லாம். வாக்கியத்தின் முன்பாதியை மூச்சுவிடாமல் கடகடவென்று கொட்டுங்கள். சட்டென்று நிறுத்துங்கள். விரலால் தலைமுடியைக் கோதுங்கள். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை, அழுத்தமாக. "இந்தத் தெருவுல வண்டியக் கொண்டுவந்து நிறுத்துறது பெரிசில்ல கண்ணா"... கோதல்... "எடுக்கணும்!" மேடையில் பேசும் ரஜினி வேறு மாதிரி, நிதானமாக இடைவெளி விட்டுப் பேசுவார். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

டோரா. வெட்கப்படுபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ஏனென்றால் வேலையில் பாதியைக் கூட்டமே செய்துவிடும். டிவி ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் தெரியும்படி. உற்சாகம் பொங்கும் குரலில், "ரிமோட் எங்கே இருக்கு? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அசையாமல் எதிரே இருப்பவர்களையே பாருங்கள். கண்ணை மட்டும் ஒருமுறை சிமிட்டுங்கள். மனதுக்குள் நான்கு வரை எண்ணுங்கள். இந்த மௌனம்தான் டோரா. பாதியில் பொறுமை இழந்து பேசிவிட்டால் போச்சு. "கையில இருக்கு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "ரொம்ப சரி!" என்று சொல்லிவிட்டு, சோபாவுக்கு அடியில் குனிந்து தேடுங்கள்.

டொனால்ட் டக். இது மட்டும் கொஞ்சம் தொழில்நுட்பம். 1934-இல் இந்த வாத்துக்கு முதன்முதலில் குரல் கொடுத்த கிளாரன்ஸ் நாஷ், ஏறக்குறைய ஐம்பது வருடம் அதே வேலையைச் செய்தார். இந்தச் சத்தம் குரல்நாணிலிருந்து வருவதில்லை, கன்னத்திலிருந்து வருகிறது. நாக்கை மேலே அழுத்தி, ஒரு பக்கக் கடைவாய்ப் பல்லோடு ஒட்டவையுங்கள். அந்தப் பக்கக் கன்னத்தில் காற்றை அடையுங்கள். உதட்டை லேசாக விரித்து, கன்னத் தசையால் அந்தக் காற்றைப் பிதுக்குங்கள். முதலில் வெறும் புஸ்ஸென்ற சத்தமும் எச்சிலும்தான் வரும். இடது பக்கம் வராவிட்டால் வலது பக்கம் முயலுங்கள். கரகரவென்று ஒரு சத்தம் வந்துவிட்டால், அதை விடாமல் "ஆ", "ஏ", "ஓ" என்று வாயின் வடிவத்தை மாற்றுங்கள். சொற்கள் பிறகுதான்.

சொற்கள் வந்தாலும் தெளிவாக இருக்காது. அதனால் எல்லாருக்கும் தெரிந்த வாக்கியமாகப் பாருங்கள்: "ஹாப்பி பர்த்டே" போதும். கேக் கேட்டுக் கிடைக்காத வாத்து மாதிரி ஒரு கையை முன்னால் நீட்டி, இன்னொரு கையைச் சுழற்றிக் குதியுங்கள். கோபம் இல்லாவிட்டால் அது டொனால்ட் இல்லை.

இது வரவே இல்லையென்றால் ஷின்சான் இருக்கிறான்: உதட்டை முன்னால் குவித்து, சோம்பலாக, ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் இழுத்தால் ஆள் கிடைத்துவிடுவான்.

படி 4: வசனத்தை நீங்களே எழுதுங்கள்

படத்தில் வந்த பஞ்ச் வசனத்தை அப்படியே சொன்னால் அசலோடு ஒப்பிடுவார்கள், அதில் நாம் தோற்போம். அதே ஆளை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். நம்பியார் கேஸ் சிலிண்டர் புக் பண்ணட்டும், ராதா வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் குட்மார்னிங் படங்களைப் பார்த்துப் பொங்கட்டும். மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள். வந்திருப்பவர்களின் பெயரைச் சேர்த்தால் சிரிப்பு கூடும், ஆனால் கோபித்துக்கொள்ளாத மாமாவாகப் பார்த்துச் சேருங்கள்.

படி 5: செய்து காட்டும்போது

"சுமாராத்தான் வரும், சிரிக்காதீங்க" என்று முன்னுரை கொடுக்காதீர்கள். முதுகைக் காட்டி நின்று, மூச்சை இழுத்து, முகத்தை மாற்றிக்கொண்டு திரும்புங்கள். மேடையில் காலங்காலமாக இருக்கும் உத்தி இது, திரும்பும்போதே ஆள் மாறியிருப்பார்.

மூன்று பேரைச் செய்தால் போதும். நன்றாக வருவதைக் கடைசியில் வையுங்கள், சுமாரானதை நடுவில் ஒளித்துவிடுங்கள். யாரென்று புரியாமல் விழித்தால் வசனத்திலேயே பெயரைச் சொருகிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுங்கள்.

ஒன்ஸ்மோர் கேட்டால் அதே வரியை மறுபடியும் சொல்ல வேண்டாம், இரண்டாவது தடவை பாதிச் சிரிப்புதான் வரும். ஆளுக்கொரு உபரி வரியை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். அதுவும் தீர்ந்துவிட்டால், "அடுத்து மாமா பாடுவாங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடலாம்.