மிசௌரி ஆற்று மணல்திட்டில் வால்ஐ மீன் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கேரிசன் அணையிலிருந்து பிஸ்மார்க் நகரம் வரை மிசௌரி ஆறு மணல்திட்டுகளுக்கு இடையே அகலமாக ஓடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே ஓவாஹி நீர்த்தேக்கத்திலிருந்து வால்ஐ மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர் தொடங்க நல்ல காலம் அது.

முதலில் மாநில மீன்பிடி உரிமத்தை வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மீன் எடுக்கலாம் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சாமான்கள்

ஆறரை அடி ஸ்பின்னிங் கோல் (நரம்பைச் சுற்றும் உருளை மாட்டிய தூண்டில் கோல்), 8 பவுண்டு இழுப்பைத் தாங்கும் தூண்டில் நரம்பு, கொஞ்சம் ஜிக். ஜிக் என்பது கழுத்தில் ஈயக் குண்டு வார்த்த தூண்டில் முள். 1/8, 1/4, 3/8 அவுன்ஸ் மூன்று எடையிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரைக்குக் கடையில் உயிரோடு கிடைக்கும் மின்னோ எனும் பொடிமீன் போதும். வாய் வழியாக முள்ளை நுழைத்துத் தலைக்கு மேலே வெளியே எடுங்கள்.

2. தண்ணீரைப் பாருங்கள்

தூண்டிலை வீசும் முன் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பாதி வேலை இதில்தான் இருக்கிறது. வால்ஐ நாள் முழுக்க ஓட்டத்தோடு மல்லுக்கட்டாது. ஓட்டம் தணிந்த இடத்தில் அடியோடு படுத்துக்கொண்டு, பக்கத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் கொண்டு வருகிற இரையைப் பிடிக்கும். மணல்திட்டின் கீழ்முனைக்குப் போங்கள். இரண்டு பக்கமும் பிரிந்து வந்த நீர் அங்கே சேரும். நுரையும் குச்சியும் ஒரு கோடு மாதிரி மிதந்து போகும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேகம், இந்தப் பக்கம் மந்தம். வெளிர் மணல் நிறம் சட்டென்று கருமையாகிற இடமும் முக்கியம். மேடு முடிந்து பள்ளம் தொடங்குவது அங்கேதான். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கண்டுவிட்டால், அன்றைக்கு வேறு இடம் தேட வேண்டாம்.

மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. போன வருடம் மீன் கிடைத்த பள்ளம் இந்த வருடம் முழங்கால் ஆழமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள்.

3. வீசி இழுத்தல்

ஓட்டத்துக்கு எதிராகச் சற்றுச் சாய்வாக, மேட்டின் மேலேயே வீசுங்கள். ஜிக் தரையைத் தொட்டதும் நரம்பைத் தொய்யவிடாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் மெல்ல உருண்டு விழ விடுங்கள். அடியே தட்டவில்லை என்றால் கனமான ஜிக்கை மாட்டுங்கள். மணலில் புதைந்து நின்றால் இலேசானதை.

பெரும்பாலும் "டொக்" என்று ஒரு சின்னத் தட்டுதான் கையில் தெரியும். சில நேரம் அதுவும் இல்லாமல் ஈரத்துணி மாட்டியது போல வெறும் கனம். சந்தேகம் வந்தால் கோலை உயர்த்தி இழுத்துவிடுங்கள்.

வால்ஐயின் கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கலிலும் அதற்கு நன்றாகப் பார்வை தெரியும். அணைக்குக் கீழே தண்ணீர் தெளிவு. ஆகவே விடியலும் அந்தியும், மேகம் மூடிய நாளும் நமக்குச் சாதகம்.

4. கவனம்

மின்தேவைக்கு ஏற்ப அணையில் நீர் திறப்பதால் ஒரே நாளில் ஆறு ஏறி இறங்கும். படகைத் திட்டில் ஏற்றிவிட்டு அசந்திருக்காதீர்கள். திட்டின் ஓரம் காலடியில் சரியும், வசந்தத்தில் தண்ணீர் கடுங்குளிராக இருக்கும். மிதவை அங்கி போடாமல் இறங்கவே கூடாது. கோடையில் பைப்பிங் புளோவர் என்ற சின்னப் பறவை வெறும் மணலில் முட்டையிடும், முட்டையும் மணல் நிறமே. எச்சரிக்கைப் பலகை இருக்கும் திட்டில் கால் வைக்காதீர்கள்.

5. மீன் கைக்கு வந்ததும்

முதுகு முள்ளும் பல்லும் கூர்மை. கையை நனைத்துக்கொண்டு வயிற்றுப் பக்கமாகப் பிடியுங்கள். வால் கீழ்நுனி வெள்ளையாக இருந்தால் வால்ஐ. முன் முதுகுத் துடுப்பில் வரிசையாகக் கரும்புள்ளி இருந்தால் அது அதன் உறவான சாகர். பெரிய மீனாக இருந்தால் அநேகமாகச் சினை மீன்தான். அதை மந்தமான நீரில் தலை ஓட்டத்தைப் பார்க்கும்படி தாங்கிப் பிடியுங்கள். அதுவாக வாலை அடித்துப் போகும்வரை கையை எடுக்காதீர்கள்.