டபரா டம்ளர்: பார்த்து வாங்க, பரிமாற, பராமரிக்க

புதுக்குடித்தனத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள், குடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், அண்டாவின் எடையை இரண்டு முறை போடச் சொல்வார்கள். டபரா டம்ளருக்கு மட்டும், "ஆறு செட் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் குத்துவிளக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றப்படுவது. அண்டா விசேஷத்துக்கு மட்டுமே பரணிலிருந்து இறங்குவது. தினமும் காலையிலும் மாலையிலும் கைக்கும் வாய்க்கும் வந்துபோவது டம்ளர்தான். நல்ல பொடி, நல்ல பால், பக்குவமான டிகாக்‌ஷன் எல்லாம் சேர்ந்தும் காபி சப்பென்று இருந்தால், பல வீடுகளில் அதற்குக் காரணம் பாத்திரமே என்பது என் உறுதியான கருத்து.

மதுரையில் இதை வாங்க இடத்துக்குக் குறைவில்லை. மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்கே புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே நெடுங்காலம் இருந்த பாத்திரக் கடைகள் இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. எந்தக் கடையானாலும் கூட்டமில்லாத முற்பகலில் போவது நல்லது; ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கக் கடைக்காரருக்கும் நேரமிருக்கும்.

அளவும் விளிம்பும்

முதலில் பார்க்க வேண்டியது அளவு. ஒரு வேளைக் காபி 120 மில்லி என்று வைத்துக்கொண்டால், விளிம்பு வரை 160 முதல் 180 மில்லி பிடிக்கும் டம்ளர் சரியாக இருக்கும். மேலே மிஞ்சும் இடம் நுரைக்கானது. அந்த இடமில்லாத சிறிய டம்ளரில் காபியை ஆற்றவும் முடியாது, சிந்தாமல் எடுத்துச் செல்லவும் முடியாது. 250 மில்லி டம்ளரில் அரை டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தாலோ, காபி சீக்கிரம் ஆறிப்போவதோடு, கொடுத்தவர் கணக்குப் பார்த்துக் கொடுத்ததுபோல வாங்குகிறவருக்கும் தோன்றிவிடும்.

டபராவைத் தனியே சோதிக்க வேண்டும். கடையிலேயே கொஞ்சம் தண்ணீர் கேட்டு, டம்ளரை முக்கால் பங்கு நிரப்பி, அதை அப்படியே டபராவில் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய பிறகும் டபராவில் விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடையாவது இடமிருக்க வேண்டும். பிறகு டபராவிலிருந்து டம்ளருக்குத் திருப்பி ஊற்றுங்கள். விளிம்பு நன்றாக வெளிப்பக்கம் விரிந்திருந்தால் தண்ணீர் ஒரே தாரையாக விழும். மொட்டையாக வெட்டப்பட்டிருந்தால் பக்கவாட்டில் வழிந்து அடிவரை இறங்கும். சூடான காபி இப்படி வழிந்தால் விரல் வெந்துபோகும் என்பதால், தண்ணீரில் வழிகிற டபராவை அங்கேயே வைத்துவிடுவது நல்லது.

டம்ளரின் விளிம்பைக் கண்ணால் பார்த்தால் போதாது. நகத்தால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். தகட்டை வெளிப்பக்கமாகச் சுருட்டி மடித்திருப்பார்கள். அந்தச் சுருள் உடம்போடு முழுதாக ஒட்டி மூடியிருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். எங்காவது நகம் மாட்டினால் அங்கே இடுக்கு இருக்கிறது என்று பொருள். பாலும் சோப்பு நீரும் அந்த இடுக்கில் தங்கி, எவ்வளவு விளக்கினாலும் போகாத ஒரு புளித்த வாடையைக் கொடுக்கும். "பால் திரிந்துவிட்டதோ" என்று வீட்டில் சந்தேகப்படும் நாள்களில் இந்த மடிப்பை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சுருட்டிய விளிம்புக்கு வேறொரு பயனும் உண்டு: உடம்பு சுட்டாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கலாம், உதட்டில் படாமல் அண்ணாந்தும் குடிக்கலாம்.

எந்த உலோகம்

அன்றாடப் புழக்கத்துக்கு எவர்சில்வர் போதும். அதில் 304 என்ற தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை குறைந்த 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று சொல்வதை நம்பி மட்டும் வாங்க வேண்டாம், ஏனென்றால் இந்த இரண்டு தரங்களிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அடியில் தர எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் எழுதச் சொல்லி வாங்குவதே நம்பகமான வழி.

பித்தளை டபராவின் அழகு வேறு. கையில் எடுத்தால் தெரியும் கனமும் வேறு. பித்தளை எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், கொதிக்கும் காபியை ஊற்றியதும் டபரா உடனே சூடேறிவிடும், ஆற்றும்போது சூடு சீக்கிரம் இறங்கவும் செய்யும். ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். லேசான அமிலத்தன்மை கொண்ட காபி அதில் நேரடியாகப் பட்டால் உலோகம் கரைந்து, நாக்கில் ஒரு கசப்பு தங்கும், உடம்புக்கும் ஆகாது. ஆகவே உட்புறம் முழுவதும் ஈயம் பூசியதைத்தான் வாங்க வேண்டும். அந்த ஈயம் வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் நஞ்சு. பூசுகிறவரிடம் இதை வெளிப்படையாகக் கேட்டு உறுதிசெய்துகொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பீங்கான் கோப்பையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. கை நடுங்கும் பெரியவர்களுக்கு, பிடி வைத்த கனமான பீங்கான் கோப்பையே பாதுகாப்பானது. அதில் காபியை ஊற்றும் முன் வெந்நீரால் ஒருமுறை அலசிவிட்டால் சூடு சற்றுக் கூடுதல் நேரம் நிற்கும்.

எத்தனை செட்

வீட்டில் உள்ளவர்கள், அடிக்கடி வருகிற உறவினர்கள் என்று எண்ணும்போது, பாத்திரம் விளக்க வருகிற அம்மாவையும், குழாய் பழுதுபார்க்க வருகிறவரையும், சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் சேர்த்தே எண்ணுங்கள். எல்லாம் ஒரே மாதிரியான செட்டாக இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளை முறையை நாம் எல்லோரும் அறிவோம். அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், உணவகத்தின் பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் ஒருவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் நகரத்து வீடுகளின் கொல்லைப்புறச் சன்னலில், விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளர் இன்றும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். அது யாருக்கு என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. குடிக்கிறவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அந்த டம்ளரை எடுத்து எடைக்குப் போட்டுவிட்டு, நாம் குடிக்கும் அதே டபராவில், உட்காரச் சொல்லிக் காபி கொடுக்க வேண்டும். பாத்திரம் வாங்குவதைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால், மீதி எழுதியதற்கு மரியாதை இருக்காது.

காபி கலந்து ஆற்றும் முறை

இரண்டு பேருக்கு, பில்டரின் மேல் பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி பொடியைப் போட்டு, மெல்ல அமுக்கி, கொதி அடங்கிய வெந்நீர் சுமார் 150 மில்லி ஊற்றி மூடிவையுங்கள். பொடியை இறுக்கி அமுக்கினால் டிகாக்‌ஷன் இறங்காது. அமுக்காமலே விட்டால் தண்ணீராக ஓடிவிடும். மதுரையில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல பகுதிகளில் உப்புக் கூடுதலானது. அதில் போட்டால் மணம் எழும்பாது என்பதால், குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவதும் அவசியம்; காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. 20 சதவீதத்துக்கு மேல் சிக்கரி வேண்டியதில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு. வாய்ப்பிருந்தால் நம் பக்கத்து மலைகளான சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் விளைகிற கொட்டையை வாங்கி, வறுத்து அரைத்துப் பாருங்கள். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அவ்வளவு அருகில் விளையும் பொருளை நாம் போதிய அளவு கொண்டாடுவதில்லை.

டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் கள்ளிச்சொட்டாக இறங்கிய டிகாக்‌ஷன் 30 முதல் 40 மில்லி, கடைசியாக அப்போதுதான் பொங்கிய பால். இந்த வரிசையில் ஊற்றினால் ஆற்றும்போதே சர்க்கரை கரைந்துவிடும், கரண்டி தேவைப்படாது. ஆறிப்போன டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், கசந்துவிடும். கிண்ணத்தோடு வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தினால் போதும். பிறகு டபராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டு மூன்று முறை ஆற்ற வேண்டும். கையை உயர்த்தி ஊற்றுவது வேடிக்கை காட்டுவதற்காக அன்று. தாரை நீளும்போது காற்று கலந்து பாலில் நுரை எழும்புகிறது, அகன்ற டபராவில் பரவும்போது சூடும் இறங்குகிறது. கை பழகும்வரை ஒரு சாண் உயரம் போதும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் அக்கறை வேண்டும். 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. அது சூட்டைப் பற்றிய எச்சரிக்கை, காபியைப் பற்றியது அன்று. "நாக்கு சுட்டால்தான் காபி" என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். விளிம்பைத் தவிர்த்து டம்ளரின் உடம்பை விரல்களால் நிதானமாகப் பிடிக்க முடிகிறது என்றால் குடிக்கும் பதம் வந்துவிட்டது.

எப்போது குடிப்பது என்பதிலும் ஒன்றிரண்டு உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் காபி, காய்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேர இடைவெளி நல்லது. இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், மாத்திரையைக் காபியோடு விழுங்கவே கூடாது. காபியிலுள்ள கஃபீனில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். உறக்கம் பிடிக்காதவர்கள் மாலைக் காபியை நான்கு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

வெளியிலும் விசேஷத்திலும்

கடையில் கண்ணாடி டம்ளரில் தரச் சொல்லிக் குடியுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. அவற்றில் 100 மில்லி சூடான நீரைக் கால் மணி நேரம் வைத்திருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதைக் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பார்சலுக்கு மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தால், கொதிக்கும் காபியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்க வேண்டியிராது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வாடகைப் பாத்திரக் கடையில் டம்ளர்கள் எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கும். கழுவுவதற்கு இரண்டு ஆள் கூடுதலாக வைத்தாலும் அந்தச் செலவு தகும்.

கழுவுதலும் ஈயப்பூச்சும்

குடித்த டம்ளரில் உடனே தண்ணீர் ஊற்றிவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பாத்திரம் கழுவும் வாசனைத் திரவத்தைக் குறைவாக விட்டு, கடைசியில் வெந்நீரில் அலசி, வெயிலில் கவிழ்த்துங்கள். நம்மூர் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் வாடை போய்விடும். எவர்சில்வர் அடியில் படியும் பழுப்புக் கறைக்குச் சோடா உப்பும் வெந்நீரும், உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைச் சாறும் போதும்.

பித்தளையின் வெளிப்புறத்தைப் புளியால் துலக்கலாம். உட்புறத்தில் புளியும் கூடாது, கம்பி நாரும் கூடாது, பூச்சு தேய்ந்துவிடும். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகும் என்பதால், ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைத்துவிடாதீர்கள். உள்ளே மஞ்சளாகவோ செந்நிறமாகவோ திட்டுத் தெரிந்தால், அன்றோடு அதில் காபி குடிப்பதை நிறுத்திவிட்டு மறுபூச்சுக்குக் கொடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் என்னும் உப்பைத் தூவி, வெண்புகை எழும்போது உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரே சுற்றில் இழுத்துப் பூசுவார்கள். தெருவில் வருகிற ஆள்கள் குறைந்துவிட்டதால், பாத்திரம் வாங்கிய கடையிலேயே யார் பூசித் தருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூசி வாங்கி வந்ததும் வெந்நீர் ஊற்றி, ஆறவிட்டு, கொட்டிவிட்டு, மறுநாளிலிருந்து புழங்கலாம்.