கதையில் ரிவால்வர் வந்தால் முதலில் வருஷத்தைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் தான் எழுதிய சரித்திரக் கதையைப் படிக்கக் கொடுத்தார். 1855, தஞ்சாவூர், சிவாஜி மகாராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோய் கும்பெனி ராஜ்யத்தை விழுங்கும் நேரம். வெள்ளைக்கார அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஆறு பித்தளைத் தோட்டாக்களை எடுத்து ரிவால்வரில் போடுகிறார். அங்கேயே மூடிவிட்டேன்.

அன்றைக்கு அவர் கையில் இருந்திருக்கக்கூடியது கோல்ட் ரிவால்வர், இல்லாவிட்டால் ஆடம்ஸ். ஆடம்ஸில் குண்டு போடும் அறை ஐந்துதான். ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக வெடிமருந்தைப் போட்டு, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் உள்ள குமிழில் 'கேப்' என்ற சின்னச் செம்புத் தொப்பியை மாட்ட வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் உலோகத் தோட்டா ரிவால்வர் 1857-இல்தான் வந்தது, அதுவும் பொடி .22 அங்குலக் குண்டு. தோட்டாவைப் பின்னாலிருந்து போடும்படி அறையைப் பின்பக்கம்வரை துளைக்கும் காப்புரிமை ரோலின் வைட்டிடம் இருந்ததால் அமெரிக்காவில் மற்றவர்கள் 1869 வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் லெஃபோஷே 1854-லேயே பக்கவாட்டில் ஊசி நீட்டும் தோட்டா போட்டாரே என்று கேட்பீர்கள். சரி, அப்படியானால் அந்த ஊசியைக் கதையில் காட்டுங்கள்.

'தோட்டா மார்பில் பாய்ந்தது' என்று எழுதுவதும் தவறு. தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது, அதில் பாய்வது குண்டு. தோட்டாவின் கூடு துப்பாக்கியிலேயே நின்றுவிடும். நாச்சியார்கோயில் விளக்கு மாதிரி வார்த்த கெட்டிப் பித்தளை அல்ல அது, மெல்லியதாக இழுத்த பித்தளை, வெடிக்கும்போது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயுவைப் பின்னால் விடாமல் அடைத்து, அப்புறம் சுருங்கிக்கொள்ளும். சுடுகிறவர் தானாக உதறாதவரை ரிவால்வரிலிருந்து காலிக் கூடு கீழே விழாது, ஆனால் நம் கதைகளில் கொலை நடந்த இடத்தில் வரிசையாகக் கிடக்கும். அது தானியங்கி பிஸ்டலின் வேலை. மணியாச்சியில் 1911-இல் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது அப்படிப்பட்ட பிரௌனிங் பிஸ்டலால், அதையும் ரிவால்வர் என்றே எழுதுகிறார்கள்.

புகை இன்னொன்று. புகையில்லா மருந்து 1880-களில்தான் வந்தது. அதற்கு முந்தைய கதையில் வீட்டு அறைக்குள் ஆறு முறை சுட்டுவிட்டு வில்லன் முகத்தைத் தெளிவாகப் பார்க்க முடியாது, கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போட்ட இடத்தில் நின்றிருந்தால் தெரியும்.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணன் யோசித்தார்.

"ஏந் தம்பி, கதையை 1880-க்குத் தள்ளிடவா?"

"ராஜா செத்து இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்குமே அண்ணே."